நிருபர் வேலையிலிருந்து ஆங்கில வகுப்புக்கு: பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பகுதிநேர நிருபர்கள், கோவை டெஸ்க்கில் (நிருபர்கள் எழுதியதைத் திருத்தும் பிரிவில்) ராத்திரி ஷிப்ட் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள், எடிஷன் மூடியதால் வீட்டிலிருப்பவர்கள் என்று பல ரகம். தாராளமாக வரலாம். ஆனால் என்ன சொத்தோடு வருகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

உங்கள் சொத்து ஆங்கிலம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் கூடுதலாக இருப்பவை இரண்டு: கேள்வி கேட்கும் பழக்கம், வேண்டாததை வெட்டும் கை. முதலாவது வகுப்பில் முதல் நாளிலிருந்தே சோறு போடும். இரண்டாவதைக் கட்டிப்போடக் கற்றுக்கொள்ள வேண்டும். டெஸ்க்கில் நீங்கள் திருத்தினால் காப்பி, அதாவது எழுதி வந்த செய்தி, நன்றாகிறது, அதை எழுதிய நிருபர் அப்படியே இருக்கிறார். அடுத்த நாளும் அதே தப்போடு காப்பி வருகிறது. வகுப்பில் காப்பி எப்படிப் போனாலும் சரி, எழுதியவர் தேற வேண்டும். இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது

‘இங்கிலீஷ் கிளாஸ்’ என்று பொதுவாக போர்டு வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும், லண்டன் போகவேண்டிய நர்ஸும், கஞ்சிக்கோடு கம்பெனியில் சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பையனும் ஒரே பெஞ்சில் வந்து உட்காருவார்கள். யாருக்கும் பயனிருக்காது. ஒரு கூட்டத்தை முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் எளிதில் கிடைப்பார்கள். எல்லையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தெருவில் ஒரு பிள்ளை கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் மீடியம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சிபிஎஸ்இ, கோபாலபுரம் தாண்டிப் போகும் இன்னொரு பிள்ளை தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒரே வகுப்புக்கு மூன்று ஆங்கிலப் புத்தகம். மூன்றையும் வாங்கிப் படிக்கத் தெம்பிருந்தால் இறங்குங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. எனவே டியூஷன் களம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. (நடைமுறை எப்படி என்பது நிருபராக இருந்த உங்களுக்குத் தெரியாததா!)

பள்ளியிலேயே நிரந்தர வேலை வேண்டும் என்றால் வழி வேறு, நீளம். பிஎட் 2015-லிருந்து இரண்டு ஆண்டுப் படிப்பு. அதற்குமேல் ஆசிரியர் தகுதித் தேர்வு: கேரளத்தில் கே-டெட், மேல்நிலை வகுப்புக்கு செட், தமிழ்நாட்டில் டெட். இதழியல் பட்டம் அங்கே உதவாது, ஆங்கிலப் பாடத்தில் பட்டம் கேட்பார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கல்லூரி முடித்து கோவைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள் மூன்று மாதம் வருவார்கள், வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள் போவதுதான் உங்கள் விளம்பரம்.

பத்திரிகைக்காரருக்கு நன்றாகப் பொருந்துவது நர்ஸ்கள் என்பது என் கட்சி. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பரீட்சை எழுதுங்கள்

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் அதை ஒருமுறையாவது எழுதியிருக்க வேண்டும். கட்டணம் ரூ.17,000-க்கு மேல் ஆகிவிட்டது, கை கடிக்கும். ஆனாலும் முதலீட்டில் இதுதான் முதல். கோச்சிங் சென்டரில் வேலை கேட்டுப் போனால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே ‘உங்க பேண்ட் ஸ்கோர் என்ன சார்?’ என்பதுதான். (அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்குத்தான் பேண்ட் என்று பெயர்.)

கேட்டலுக்கு 30 நிமிடம், 40 கேள்வி. வாசிப்புக்கு 60 நிமிடம், 40 கேள்வி. எழுத்துக்கு 60 நிமிடத்தில் இரண்டு வேலை: குறைந்தது 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று. இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. பேச்சு 11 முதல் 14 நிமிடம். தமிழ்ப் பத்திரிகையில் பிடிஐ செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பழகியவர்களுக்கு வாசிப்பு கைகொடுக்கும், பேச்சு காலை வாரும். இத்தனை வருடம் மைக்கை நீட்டியவர்கள் நாம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லும்போது நாக்கு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று ஒருமுறை பார்த்தால்தான் மாணவரின் பயம் புரியும்.

ஸ்கோர் குறைவாக வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் பகுதியில் நன்றாக வந்ததோ அதை மட்டும் சொல்லிக்கொடுத்துத் தொடங்கலாம்.

சான்றிதழ் தேவையா

‘120 மணி நேர டெஃபல்’ (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) என்று இணையத்தில் மலிவாக விற்கும் சான்றிதழ்களை வாங்கிச் சுவரில் மாட்டலாம். அதற்குமேல் பயன் எதிர்பார்க்காதீர்கள், நிஜ மாணவர் முன்னால் நிற்காமல் முடித்துவிடக்கூடிய படிப்புகளே அவற்றில் அதிகம். கேம்பிரிட்ஜின் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான செல்டா வேறு ரகம். முழுநேரமாக நான்கு வாரம், அதில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். செலவு அதிகம். வெளிநாட்டு வேலைக் கனவு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உள்ளூரில் நிலைக்க நினைப்பவர்களுக்கு இந்தியப் படிப்புகளே போதும். ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான மத்தியப் பல்கலைக்கழகம் இஃப்லூ இருக்கிறது. 1958-ல் தொடங்கிய நிறுவனம், ஆங்கிலம் கற்பிப்பதில் டிப்ளமோ தருகிறது. வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்ப் படிப்பு உண்டு.

இவை எதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. தெரிந்த டீச்சர் யாரிடமாவது அனுமதி கேட்டு அவர் வகுப்பில் சில நாள் பின்பெஞ்சில் உட்காருங்கள். நிருபர் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அவர் என்ன பாடம் எடுக்கிறார் என்று எழுத வேண்டாம். யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். பெரும்பாலும் டீச்சர் பேசிக்கொண்டே இருப்பார், பிள்ளைகள் ‘எஸ் மிஸ்’ என்பார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வகுப்புக்குள்

சும்மா இருப்பது நமக்குத் தெரிந்த வித்தை. பேட்டியில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் எதிரில் இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்காமல் எதையாவது சொல்லிவிடுவார், அதில்தான் செய்தி இருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.

திருத்துவதற்கு வருகிறேன். மாணவர் நோட்டில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் கை தானாக ‘ஆம் ஹேவிங்’ என்பதை அடித்து ‘ஹேவ்’ என்று மேலே எழுதப் போகும். எழுதாதீர்கள். அடியில் ஒரு கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். ‘இதுல என்னங்க சார் தப்பு?’ என்று கேட்பார். ‘ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காதவரிடம் ‘இப்ப உங்ககிட்ட இருக்கா, இல்ல இந்த நிமிஷம் நடந்துட்டு இருக்கா?’ என்று கேளுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் சொல்லிக்கொடுப்பது. ஒரு நோட்டில் இருபது தப்பு இருந்தால் இருபதுக்கும் கோடு போட வேண்டாம். ஒரே ரகத் தப்பாகப் பார்த்து ஐந்தை எடுங்கள், மற்றவை அடுத்த வாரம். டெஸ்க்கில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். இங்கே இதற்குத்தான் சம்பளம்.

பேசும்போது குறுக்கே திருத்தவே கூடாது. துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல் போர்டில் எழுதிப் போடுங்கள்.

பாடம் எப்படி அமைப்பது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் தேடுவதற்கு முன்னால் நம் பக்கத்திலேயே நடந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்பவர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கண வரிசையை ஒதுக்கிவைத்துவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்துப் பார்த்தார். கொடுத்த சிக்கலைத் தீர்க்கும் மும்முரத்தில் மொழி தானாகப் படியும் என்பது அவர் வாதம். இன்று ‘டாஸ்க்’ முறை என்று உலகம் முழுக்கப் பேசுகிற கற்பித்தலில் இந்தச் சோதனைக்குத் தனி இடம் உண்டு.

நம் ஊருக்கு அதை இப்படி மாற்றலாம். காலை பத்து மணிக்குக் கோவையில் இன்டர்வியூ, புறப்படுவது கொழிஞ்சாம்பாறையிலிருந்து. ஒருவர் கையில் வேலந்தாவளம் வழியாக உக்கடம் போகும் பஸ் நேரங்கள். இன்னொருவர் கையில் பாலக்காடு போய் ரயில் பிடிக்கும் நேரங்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எது வசதி என்று முடிவு சொல்லி, காரணமும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை.

‘தமிழில் பேசினால் அபராதம்’ என்று சில இடங்களில் விதி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழிலோ மலையாளத்திலோ இரண்டு வரியில் சொல்லிவிட்டால் மிச்ச நேரம் முழுக்க ஆங்கிலத்துக்குக் கிடைக்கும். உச்சரிப்பிலும் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். தமிழ்ப் பிள்ளை ‘ஸ்கூல்’ முன்னால் ஒரு ‘இ’ போடும், மலையாளப் பிள்ளை காலேஜைக் ‘கோளேஜ்’ ஆக்கும், எல்லைப் பிள்ளைக்கு இரண்டும் வரும். கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே அளவு. புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சொல்லில் அழுத்தம் தப்பான இடத்தில் விழுவதுதான், அதில் நேரம் செலவிடுங்கள்.

நர்ஸ்கள்

பாலக்காட்டிலும் கோவையிலும் ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுக்கு முயற்சி செய்கிறவர்கள் ஏராளம். பிரிட்டன் போக அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு ஐஇஎல்டிஎஸ் என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) என்றால் அந்த மூன்றிலும் ‘பி’, அதாவது 350 மதிப்பெண், எழுத்தில் ‘சி பிளஸ்’. ஓஇடி கட்டணம் ரூ.30,000-ஐத் தாண்டும், ஒருமுறை தவறினால் ஒரு மாதச் சம்பளம் போச்சு. அதனால் அவர்கள் விளையாட்டாக வருவதில்லை.

ஓஇடி எழுத்துத் தேர்வு பத்திரிகைக்காரருக்காகவே செய்தது போல இருக்கும். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். அடுத்து அந்த நோயாளியைக் கவனிக்கப் போகிறவருக்கு 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். ஆறு அளவுகோல்களில் திருத்துகிறார்கள், அதில் இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்து ஒன்றே ஒன்று. நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அமைப்பு என்று மற்ற ஐந்தும் டெஸ்க் வேலை.

ஒரு மாதிரிக் குறிப்பு எடுத்துக்கொள்வோம். 68 வயதுப் பெண், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து நாளை வீடு திரும்புகிறார். சர்க்கரை உண்டு. பென்சிலின் ஒவ்வாது. கணவர் 2011-ல் இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். தோட்ட வேலை பிடிக்கும். சிறுவயதில் டான்சில் அறுவை. காயத்தில் லேசான சிவப்பு. கடிதம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கு. புதிதாக எழுதுகிறவர் டான்சிலில் தொடங்கி வரிசையாக எல்லாவற்றையும் எழுதுவார். ‘நோட்ஸ்ல இருந்ததை ஒண்ணும் விடலீங்க சார்’ என்று பெருமையாகவும் சொல்வார்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘நாளைக்குக் காலைல அந்த நர்ஸ் அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டறாங்க. கையில உங்க லெட்டர். முதல்ல அவங்களுக்கு என்ன தெரியணும்?’ கொஞ்சம் யோசித்து, ‘காயத்தைப் பாக்கணும், சுகரையும் பாக்கணும்’ என்பார். அதுதான் முதல் பத்தி. டான்சில் வெளியே. தோட்டம் வெளியே. தனியாக இருப்பது உள்ளே, ஏனென்றால் விழுந்தால் தூக்க ஆளில்லை. பென்சிலின் கட்டாயம் உள்ளே. எதை விடுவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம், விடலாமா என்று கேட்டால் போதும். மருத்துவம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது, கேள்வி நிஜமாக இருக்கும்.

பேச்சுத் தேர்வில் இரண்டு நாடகம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவு. மாணவர் நர்ஸாகவே இருப்பார், எதிரில் இருப்பவர் நோயாளி. பயிற்சியில் அந்த நோயாளி நீங்கள்தான். முதலில் விரிவாகப் பதில் வரும்படி கேட்டுப் பிறகு குறுக்கிக் கேட்பது, இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்காமலிருப்பது, பதிலை வாயில் ஊட்டாமலிருப்பது, குறுக்கே பேசாமலிருப்பது என்று அவர்கள் மதிப்பெண் தரும் விஷயங்களைப் பாருங்கள். மூத்த நிருபர் யாராவது உங்களுக்கு முதல் வருடம் சொல்லித் தந்ததாகத்தான் இருக்கும். மாதிரித் தேர்வுகள் ஓஇடி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டுப் பிறகு புத்தகம் வாங்குங்கள்.

பேப்பரிலிருந்து எடுப்பதும் விடுவதும்

ஊர்ச் செய்தியே நல்ல பாடநூல். ஆழியாற்றுத் தண்ணீர் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற சண்டை, முதலமடை மாம்பழ விலை, நெல் கொள்முதல் தாமதம் எல்லாம் சித்தூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுப் பழகியவை. கட்டுரை எழுத வைக்க பிளாச்சிமடையை எடுங்கள். 2000-ல் வந்த குளிர்பான ஆலை, 2002-ல் தொடங்கிய போராட்டம், 2004-ல் நின்ற உற்பத்தி. வேலைவாய்ப்பா தண்ணீரா என்று இரண்டு பக்கமும் எழுத விஷயம் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் இரண்டாம் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் பேப்பர் நடையை உள்ளே விடாதீர்கள். தலைப்பில் நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவோம், ‘எ’, ‘தி’ எல்லாவற்றையும் தின்றுவிடுவோம். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். ‘மிஸ்கிரியன்ட்ஸ்’ (விஷமிகள்), ‘நேப்ட்’ (பிடிபட்டார்) போன்ற சொற்களைப் போலீஸ் செய்திக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. முக்கியமாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்ற நம் வழக்கம் ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் மதிப்பெண்ணைக் குறைக்கும். அங்கே ஒரு பத்தியில் ஒரு கருத்தைச் சொல்லி, விளக்கி, உதாரணமும் தர வேண்டும்.

காசு, பெயர், காலண்டர்

வேலையை உடனே விடாதீர்கள். காலை ஒரு பேட்ச்சோடு தொடங்கி, அது மூன்று மாதம் நிற்கிறதா என்று பாருங்கள். பிஎஃப் பணத்தை எடுத்து ஏசி அறை போடுவதெல்லாம் வேண்டாம். வீட்டு முன்னறை, ஒரு வெள்ளைப் பலகை, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி போதும். மாதம் ரூ.1,000 வீதம் பத்துப் பேர் என்றால் ரூ.10,000, அதில் ஜெராக்ஸ், கரண்ட் பில் கழித்துக் கணக்குப் போடுங்கள். கட்டணம் மாதத் தொடக்கத்திலேயே. ரசீது கொடுங்கள். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், கோச்சிங்குக்கு 18 சதவீதம். அந்தக் கவலை வந்தால் நல்ல காலம்தான்.

நிருபராகத் தொடர்ந்துகொண்டே வகுப்பு நடத்தினால் ஆபீசில் சொல்லிவிடுங்கள், கல்விச் செய்தி எழுதுவதை நிறுத்துங்கள். எந்தப் பள்ளியைப் பாராட்டினாலும் ‘மாஷுக்கு (வாத்தியாருக்கு) அங்கிருந்து பிள்ளைகள் வருது’ என்று பேசுவார்கள். பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியில் போய் அட்மிஷன் பிடிக்காதீர்கள்.

‘உறுதியாக 7 பேண்ட்’ என்று நோட்டீஸ் அடிக்கவே கூடாது. கோச்சிங் மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை கொண்டுவந்தது. தேர்ச்சி உத்தரவாதம் தரக் கூடாது, தேறியவரின் படத்தை அவர் எழுத்தில் சம்மதம் தராமல் போடக் கூடாது. பெரிய மையங்களை மனதில் வைத்து வந்தது என்றாலும் பத்து நாற்காலி வகுப்புக்கும் அதுவே சரியான வழி.

கடைசியாக காலண்டர். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை, ஜூனில் திறப்பு. ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு அந்த இரண்டு மாதம்தான் சீசன். ஓணத்துக்கு ஒரு வாரம் ஒரு பாதி வராது, பொங்கலுக்கு மற்ற பாதி வராது, தீபாவளிக்குப் பொள்ளாச்சியில் மாமா வீடு இருப்பவர்கள் வரமாட்டார்கள். நர்ஸ்களுக்கு ஷிப்ட் வாராவாரம் மாறும், அவர்களுக்குக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஒரே பாடத்தை இரண்டு முறை வையுங்கள். எந்த நாள் விடுமுறை, விட்ட பாடம் எப்போது, அந்த நாளுக்குக் கட்டணம் கழியுமா கழியாதா என்பதை அட்மிஷன் போடும்போதே ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.